பவர் வீடரா, பிரஷ் கட்டருக்கு டில்லரா?

கேள்வி: வணக்கம் ஐயா. ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். ஒரு ஏக்கர் தென்னை, ஒரு ஏக்கரில் தக்காளியும் கத்தரியும் மாற்றி மாற்றி வருடத்துக்கு இரண்டு போகம். ஒரு போகத்துக்கு மூன்று களை. ஒரு களைக்கு 10 ஆள், ஆளுக்கு 350 ரூபாய் கூலி. ஆளும் சொன்ன நாளுக்கு வருவதில்லை. வரப்புப் புல் வெட்ட 52 சிசி பிரஷ் கட்டர் இருக்கிறது. அதன் முனையில் மாட்டி மண்ணைக் கொத்தும் டில்லர் 3,500 ரூபாய் என்கிறார்கள், களை எடுக்கும் தனி மெஷினான பவர் வீடர் 58,000. நகையை வைத்து வீடர் வாங்கிவிடலாமா? வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். பட்டா அம்மா பெயரில் இருக்கிறது.

பதில்: நகையை இப்போதைக்கு வெளியே எடுக்காதீர்கள் தம்பி. ஏன் என்று நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பார்ப்போம்.

வருடத்துக்கு ஆறு களை, ஆக 21,000 ரூபாய் கூலி. வீடர் வந்தால் அவ்வளவும் மிச்சம் என்று தோன்றும். ஆனால் தக்காளிக்கு வரிசை இடைவெளி இரண்டடிதான். மூன்றாம் களை வரும்போது செடி இருபுறமும் சாய்ந்து பாதையை மூடியிருக்கும். மெஷினை விட்டால் கிளை முறியும், காய் போகும். ஆக ஒரு போகத்துக்கு இரண்டு களைதான் மெஷினுக்கு. அதிலும் செடியின் தூரை ஒட்டிய களையைக் கையால்தான் எடுக்க வேண்டும், அதற்கு ஐந்து ஆளாவது வேண்டும். மிச்சம் ஐந்து ஆள் கூலி, 1,750. பெட்ரோலுக்கு 500 கழித்தால் 1,250. வருடத்துக்கு நான்கு முறை, மொத்தம் 5,000. நீங்கள் ஓட்டும் உழைப்புக்குக் கூலி போடாமலே இந்தக் கணக்கு.

58,000 ரூபாய்க்கு மாத வட்டி 580. வருடத்துக்கு 6,960. மெஷின் மிச்சம் பிடித்துத் தருவதைவிட வட்டியே அதிகம். அசல் அப்படியே நிற்கும், நகையும் அடகிலேயே இருக்கும்.

சரி, மானியம்? சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. அல்லது அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு, எது குறைவோ அது. பட்டா அம்மா பெயரில் இருப்பதால் அவர் பெயரிலேயே சிறு, குறு விவசாயி சான்று வாங்கி, உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு முதலில் வாங்கிவிட்டால் மானியம் போய்விடும். முழுப் பாதி கிடைத்தாலும் கைக்காசு 29,000. அது திரும்ப வர ஏறக்குறைய ஆறு வருடம். ஒரு ஏக்கர் காய்கறிக்கு அது நீளம்தான்.

வாடகைக்கு ஓட்டினால் கதை மாறும். மணிக்கு 300 வாங்கி, பெட்ரோலும் தேய்மானமும் போக 150 நிற்கிறது என்று வையுங்கள். 29,000 எடுக்க 193 மணி நேரம்; ஏக்கருக்கு ஆறு மணி என்றால் 32 ஏக்கர் ஓட்டம். அக்கம்பக்கத்தில் நான்கைந்து காய்கறித் தோட்டக்காரர்கள் “நீ வாங்கு, நான் கூப்பிடுகிறேன்” என்று உறுதியாகச் சொன்னால் இரண்டு வருடத்தில் வந்துவிடும். அப்படி யாரும் இல்லாமல் வாங்கிய ஒரு வீடரை ஒரு தோட்டத்தில் பார்த்தேன். மாட்டுக் கொட்டகை ஓரம், உரச் சாக்கு போர்த்தி, டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் அடைத்துக் கிடந்தது. வாங்கியவர் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தார். மனசு கஷ்டமாக இருந்தது.

இனி அந்த 3,500 ரூபாய் டில்லர். அதை நம்பி ஒரு ஏக்கரில் இறங்காதீர்கள். இயந்திரத்தின் பாரம் உங்கள் தோளில், கத்தியின் அகலமோ ஒரு சாண். ஈரப்பதமான, பொலபொலப்பான மண்ணில் ஓடும். காய்ந்து இறுகிய மண்ணிலும் கல்லிலும் துள்ளும். மணிக்கணக்கில் அழுத்தி ஓட்டினால் வரப்பு வெட்டும் இன்ஜினும் சேர்ந்து சூடேறித் தேயும். ஆனால் தென்னை வட்டப்பாத்தி, நாற்றங்கால், வீட்டுத் தோட்டம் என்றால் நல்ல பொருள். 25 அடி இடைவெளி என்றால் உங்களுக்கு 70 மரம் இருக்கும். நாளுக்குப் பத்து பாத்தியாக மேலாகக் கொத்தினாலே போதும். அதற்காக என்றால் வாங்குங்கள். வாங்கும்போது பிரஷ் கட்டரைக் கடைக்கே எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். குழாய் 26 மில்லிமீட்டரா 28-ஆ, உள்ளே தண்டின் பல் 7-ஆ 9-ஆ என்பது பொருந்தாவிட்டால் அது வெறும் இரும்பு.

ஒன்று கேட்க மறந்தேன்: நிலத்தில் கோரை இருக்கிறதா? இருந்தால் இரண்டு மெஷினுமே ஆகாது. சுழலும் கத்தி கிழங்குத் தொடரை அறுத்து நிலம் முழுக்கப் பரப்பிவிடும்.

இந்தப் போகத்தில் முதல் களைக்கு மட்டும் ஒரு வீடரை வாடகைக்குப் பிடித்து ஓட்டுங்கள். எத்தனை மணி ஆனது, எத்தனை லிட்டர் குடித்தது, அப்புறமும் எத்தனை ஆள் தேவைப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மானியத்துக்கு விண்ணப்பிப்பதா என்று அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.