ஞாயிற்றுக்கிழமை முதல் பீரியட்

கேள்வி: என் தங்கைக்கு மாலத்தீவில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பம். சர்ச்சே இல்லாத ஊரில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

நான் இருந்திருக்கிறேன். 2003 ஜனவரியிலிருந்து 2011 நவம்பர் வரை, ஒன்பது கல்வி ஆண்டுகள், ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தீவின் பெயரைச் சொன்னால் பள்ளி எதுவென்று தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். சொந்த ஊர் மதுரை, பசுமலை. இப்போதும் அங்கேதான், வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பசுமலையில் வளர்ந்த பிள்ளைக்கு சர்ச் என்பது காற்று மாதிரி. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் இங்கே செமினரியும் பள்ளியும் நடத்தியது. இன்று கோரிப்பாளையத்தில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரிகூட 1881-ல் இந்த மலையடியில் தொடங்கியதுதான். எங்கள் அம்மாச்சி 'பைபிள் உமன்' வேலை பார்த்தவர்கள். திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்கு நடந்தே போய், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவார்களாம். கடல் தாண்டி வந்து பள்ளிக்கூடம் நடத்தியவர்களிடம் படித்துத் தலையெடுத்த குடும்பம். அந்த வீட்டிலிருந்து கடல் தாண்டிப் பாடம் நடத்தப் போன முதல் ஆள் நான்தான். போன இடத்தில் வேதத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

அது மிகைப்படுத்தல் இல்லை. மாலத்தீவில் குடிமக்கள் எல்லாரும் முஸ்லிம்கள், 2008 அரசியல் சட்டமே முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாக முடியாது என்கிறது. வேலைக்கு வந்த வெளிநாட்டவர் தன் அறைக்குள் தன் வழிபாட்டைச் செய்துகொள்ளலாம், வெளியே கூடாது. மத பிரசாரம் குற்றம். சொந்த உபயோகத்துக்கு ஒரு வேதாகமம் கொண்டுபோகலாம். வணங்குவதற்கான சிலைகளை சுங்கத்தில் விடமாட்டார்கள். என் அறைத்தோழி தூத்துக்குடிக்காரி, கத்தோலிக்கப் பெண். அவள் கொண்டுவந்த சின்ன மாதா சொரூபம் ஏர்போர்ட்டைத் தாண்டவில்லை. ஜெபமாலை தப்பித்தது. முதல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கிரேடு சிக்ஸ் பிள்ளைகளின் சத்தத்தில் மறந்துவிட்டாள். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம்.

துன்புறுத்தல் எதுவும் இருந்ததா என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். இல்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒரே ஒரு விஷயம், ஞாயிற்றுக்கிழமை. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள். பசுமலையில் என் அம்மா பட்டுச்சேலைக் கொசுவம் சரிசெய்துகொண்டிருக்கும் நேரத்தில் நான் கையில் சாக்பீஸோடு முதல் பீரியட்டில் நிற்பேன். முதல் வருஷம் முழுக்க அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஓடவே ஓடாது. இப்போது பாட்டு, இப்போது காணிக்கைப் பை வரும், இப்போது ஆயர் பிரசங்கத்தை முடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு இன்னும் கால்மணி நேரம் பேசுவார் என்று மனசு ஒரு பக்கம் ஓடும். போர்டில் எழுதும் கணக்கு தப்பிப் போகும், பிள்ளைகள் திருத்துவார்கள்.

அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு மாறிக்கொண்டோம். நான், தூத்துக்குடித் தோழி, கேரளாவிலிருந்து வந்த ஒரு மார்த்தோமா பிசிக்ஸ் சார், அவர் மனைவி. நாலு பேர், மூன்று சபை. சார் வீட்டுக் கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, வாய்க்குள்ளேயே பாடுவோம். பாட்டுப் புத்தகம் கொண்டுபோகவில்லை, ஆளுக்கு ஒரு வேதாகமம்தான். அப்போதுதான் தெரிந்தது எனக்கு எவ்வளவு மனப்பாடம், எவ்வளவு வெறும் உதட்டசைவு என்று. முப்பது வருஷம் பாடிய கீர்த்தனைகளில் முதல் சரணத்துக்கு மேல் வந்தது நாலோ ஐந்தோதான். மீதியெல்லாம் பக்கத்து வரிசை அத்தைமார்களின் குரலில் ஒட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த டிசம்பரில் வந்தபோது ஒரு நோட்டில் எழுதி எழுதிப் படித்தேன், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த மாதிரி.

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்குப் போன். கார்டு போட்டுப் பேசுவதால் நிமிடக் கணக்கு. அம்மா பிரசங்கத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, யார் வரவில்லை, யார் மகளுக்கு நிச்சயமானது, யார் புதுச் சேலை கட்டியிருந்தது என்பதற்கு மீதி நிமிடங்களை வைத்துக்கொள்வார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

பள்ளியில் அன்றாடம் எப்படி என்றால், காலை அசெம்பிளி குர்ஆன் ஓதலோடு தொடங்கும். கைகட்டித் தலைகுனிந்து நிற்பேன்; யாரும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. இஸ்லாமும் திவேஹி மொழியும் உள்ளூர் ஆசிரியர்கள் எடுப்பார்கள், கணக்கும் அறிவியலும் இங்கிலீஷில், பெரும்பாலும் எங்களைப் போல வந்தவர்கள். உடை விஷயத்தில் நானாகவே முழுக்கை சுடிதாருக்கும் துப்பட்டாவுக்கும் மாறினேன். ரமலானில் பகலில் பிறர் கண்ணெதிரே தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இதையெல்லாம் விட்டுக்கொடுத்தல் என்று ஊரில் ஒரு மாமா குறைபட்டார். 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, 'தத்துவ போதகர்' என்று பேர் பெற்றவர், காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்தவர்தானே, அவரை மட்டும் பெருமையாகப் பேசுகிறோமே மாமா என்றேன். அவர் கத்தோலிக்கர் என்று சொல்லி மாமா தப்பித்துக்கொண்டார்.

ஒரு நாள் கிரேடு எயிட்டில் ஒரு பையன் எழுந்து, "மிஸ், நீங்கள் எந்த மதம்?" என்றான். வகுப்பே அமைதி. கிறிஸ்தவள் என்றேன். "அப்படியென்றால் ஈஸா நபி. எங்களுக்கும் உண்டு மிஸ். மர்யம் பேரில் ஒரு சூராவே இருக்கு" என்றான், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. ஈஸா என்றால் இயேசு, சூரா என்றால் குர்ஆன் அத்தியாயம். எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, அம்மாச்சி கேட்டிருந்தால் பாய்ந்திருப்பார்கள். "தெரியும், உட்கார், அந்தச் சமன்பாட்டை முடி" என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுதலித்துவிட்டேனா, வேலையைக் காப்பாற்றிக்கொண்டேனா, அல்லது ஒரு வகுப்பில் செய்ய வேண்டியதைத்தான் செய்தேனா? இன்று கேட்டாலும் மூன்றாவதைத்தான் சொல்வேன், ஆனால் இரண்டாவது கொஞ்சம் கலந்திருந்தது.

டிசம்பர் மட்டும் எனக்கே எனக்கு. அப்போதெல்லாம் அங்கே கல்வி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். மாலேயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானம், அங்கிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக பஸ், திருமங்கலத்தில் இறங்கி டவுன் பஸ். வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கும். கேரல் ரவுண்ட்ஸ் பிள்ளைகள் ராத்திரி ஒரு மணிக்கு வந்து கதவைத் தட்டும்போது, மற்ற வீடுகளில் அலுத்துக்கொள்வார்கள்; நான் முன்கூட்டியே முறுக்குத் தட்டோடு காத்திருப்பேன். வருஷக் கடைசி வாட்ச்நைட் ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டையை ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்து எடுத்துப் போவேன். ஒன்பது வருஷத்துக்கு ஒன்பது அட்டை.

2004 டிசம்பர் 26-ம் அப்படி ஊரில் இருந்த ஞாயிறுதான். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று பேச்சு. முதலில் வேளாங்கண்ணி, எங்கள் தெருவிலிருந்தே ஆட்கள் போயிருந்தார்கள். சாயங்காலச் செய்தியில் மாலத்தீவு. என் தீவின் தரை கடலிலிருந்து ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. அந்த நாட்டில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் தீவில் உயிர்ச்சேதம் இல்லை என்று தெரிய நாலு நாள் ஆனது.

திரும்பிப் போனபோது கிணறெல்லாம் உப்பு. வீட்டுக்காரம்மாவை நான் 'தத்தா' என்று கூப்பிடுவேன், திவேஹியில் அக்கா என்று அர்த்தம். அவர் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து நனைந்ததையெல்லாம் வெயிலில் போட்டிருந்தார். சேலைகள், மார்க் ரெஜிஸ்டர், வேதாகமம். ஊருக்கு வந்தால் அம்மாவின் வேதாகமம் போதும் என்று என்னுடையதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மற்ற சாமான் எல்லாம் தரையில் பாயில் கிடந்தது. வேதாகமம் மட்டும் அலமாரியின் மேல் தட்டில், ஒரு சுத்தமான துணியின் மேல். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நீ ராத்திரி வாசிப்பாயே, பார்த்திருக்கிறேன் என்றார். நான் அதை ரெஜிஸ்டர்களோடு கட்டிலில் போட்டு வைப்பவள், சில நாள் தலையணைக்கு அடியில். அதற்குப் பிறகு நானும் மேல் தட்டில்தான் வைத்தேன். வேதாகமத்தில் சங்கீதப் புத்தகத்தின் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும், யாரும் சொல்லமாட்டார்கள். நான் போனபோது டாலருக்கு 12.80 ரூபியா, அதுதான் மாலத்தீவுப் பணம். 2011 ஏப்ரலில் அரசு விலையைத் தளர்த்தியதும் 15.42 ஆனது. சம்பளம் ரூபியாவில், தம்பியின் ஃபீஸ் இங்கே. சபைக்குக் கொடுக்கும் தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒன்று) சேர்ந்து இளைத்தது. அந்த வருஷக் கடைசியில் கிளம்பிவிட்டேன். தங்கையின் ஒப்பந்தத்தில் சம்பளம் எந்தப் பணத்தில், வருஷத்துக்கு ஒரு டிக்கெட் உண்டா, வாடகை யார் கொடுப்பது என்று கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள்.

வந்த புதிதில் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி சொல்ல, அதாவது விசுவாச அனுபவத்தைப் பேச, கூப்பிட்டார்கள். எத்தனை பேரைக் கர்த்தரண்டை கொண்டுவந்தாய் என்று ஒரு அத்தை நேராகவே கேட்டார்கள். ஒருத்தரையும் இல்லை, கணக்குதான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் டீ வந்துவிட்டது.

தங்கைக்கு: போவதற்குள் ஐந்து கீர்த்தனைகளை எல்லாச் சரணங்களோடும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். தங்குமிடத்தில் தமிழோ மலையாளமோ பேசுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவைக்கட்டும். அப்புறம், போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே டைம்டேபிள் போடுபவரைப் பார்த்து, ஞாயிறு முதல் பீரியட் இல்லாமல் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். எனக்கு ஒன்பது வருஷத்தில் இரண்டு வருஷம் கிடைத்தது.