பத்து வரிகள் மட்டும் கேட்டாலும் தரவுக் கிடங்கில் கட்டணம் ஏன் எகிறுகிறது?

தரவுக் கிடங்கு என்பது ஒரு நிறுவனத்தின் பல ஆண்டு விற்பனை, கணக்கு விவரங்களை ஆய்வுக்காக ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் அமைப்பு. அதனிடம் கேட்கும் கேள்வியே வினவல். கூகுளின் பிக்குவெரி என்ற கிளவுட் கிடங்கில், வழக்கமான கட்டண முறைப்படி, வினவல் எத்தனை பைட் படித்தது என்பதற்கே காசு. விடை எவ்வளவு பெரியது என்பதற்கு அல்ல. சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலில் தேக்கா சந்தைக்குப் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கினாலும் மூட்டையாக வாங்கினாலும் அட்டையில் கழிவது தூரத்துக்கான கட்டணம்தானே, அதைப் போல.

பிக்குவெரியில் தரவு பத்தி பத்தியாக, அதாவது அட்டவணையின் ஒவ்வொரு செங்குத்து வரிசையும் தனித்தனியாக, சேமிக்கப்படுகிறது. ஆகவே தேதியும் தொகையும் போதுமென்றால் அந்த இரண்டு பத்திகளை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வினவலைத் தொடங்கும் 'செலக்ட்' சொல்லுக்குப் பின், பத்திப் பெயர்களுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடுவது, என்னைக் கேட்டால், வெறும் சோம்பேறித்தனம்: எல்லாப் பத்திகளும் படிக்கப்படும். அட்டவணையைத் தேதிவாரியாகப் பிரித்து வைத்து, வினவலில் தேதி நிபந்தனையும் சேர்த்தால், ஜூன் மாதக் கணக்குக்கு ஜூன் பகுதிகள் மட்டுமே திறக்கும். ஓட்டுவதற்கு முன்பே எவ்வளவு படிக்கப்படும் என்பதைத் திரை காட்டிவிடும். அதைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். (ஸ்னோஃபிளேக் என்ற இன்னொரு தரவுக் கிடங்கில் கணக்கு வேறு: கணினி ஓடும் நேரத்துக்குக் கட்டணம்.)

வினவலின் இறுதியில், பத்து வரிகள் மட்டும் போதும் என்று சொல்லும் 'லிமிட் 10' சேர்த்தால் செலவு குறையும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண அட்டவணையில் அது திரையில் தெரியும் வரிகளைத்தான் குறைக்கும், படிக்கும் அளவை அல்ல.