ஓடத் தொடங்கியதும் குதிகால் வலி: ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 44. நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஓடத் தொடங்கினேன். மூச்சு வாங்குவது விரைவில் குறைந்ததால் தூரத்தைக் கூட்டினேன். இப்போது குதிகாலுக்குச் சற்று மேலே வலிக்கிறது. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கின்றன. ஓடுவதற்கு முன் கால்களை நீட்டும் பயிற்சிகளைத் தவறாமல் செய்கிறேன். ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டுமா? இது மறுபடி வராமல் தடுப்பது எப்படி?

பதில்: முற்றிலும் நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. நேரில் பரிசோதிக்காமல் உறுதிகூற முடியாது என்றாலும், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாண் தன் வலிமைக்கு மீறிய சுமையைத் தாங்க நேர்ந்திருப்பதையே நீங்கள் சொல்லும் அறிகுறிகள் காட்டுகின்றன.

பயிற்சிக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். ஆனால் குதிநாண் போன்ற, இரத்த ஓட்டம் குறைவாக உள்ள தசைநாண் வலுப்பெற மாதங்கள் ஆகும். கடுமையான பயிற்சிக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நாள் வரை தசைநாணுக்கு வலிமை தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைவிடச் சிதைவது அதிகமாக இருக்கும் என்பதால், இடைவெளியின்றி அன்றாடம் ஓடுகிறவருக்குப் பழுது சரியாவதற்கு முன்பே அடுத்த சுமை வந்து சேர்கிறது. மூச்சு இடம்கொடுக்கிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கூட்டுவதுதான், மீண்டும் ஓட வருகிறவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் பிழை.

ஓடுவதற்கு முன் தசையை நீட்டி அசையாமல் பிடித்திருப்பது இத்தகைய காயங்களைத் தடுப்பதாகத் தெரியவில்லை. வலியுள்ள குதிநாணை வலிந்து நீட்டுவது சிலருக்கு எரிச்சலைக் கூட்டவும் செய்யும். அந்த நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் வேகமாக நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்வது மேல்.

உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது வலிமைப் பயிற்சி. சுவரைத் தொட்டபடி நின்று, இரு குதிகால்களையும் 3 விநாடிகளில் மெல்ல உயர்த்தி, அதே நிதானத்தில் இறக்குங்கள். 15 முறை கொண்ட 3 சுற்றுகளை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். எளிதாகிவிட்டால் ஒற்றைக் காலில் செய்யுங்கள். அதன்பின் முதுகுப்பையில் எடை ஏற்றிக்கொள்ளலாம். முழங்காலைச் சற்று மடக்கியும் சில சுற்றுகள் செய்வது நல்லது, ஏனெனில் ஓட்டத்தில் பெரும்பங்கு உழைக்கும் ஆழ்ந்த கெண்டைத் தசைக்கு அப்போது கூடுதல் வேலை கிடைக்கும். சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட புகழ்பெற்ற பயிற்சித் திட்டம் 12 வாரங்களுக்கானது. இரண்டு வாரத்தில் பலனில்லை என்று கைவிடாதீர்கள். பொறுமையிழந்து பாதியில் விட்டால் வலி திரும்பவும் வரக்கூடும். வலி குதிநாண் எலும்போடு ஒட்டும் இடத்திலேயே இருந்தால், படியின் விளிம்பில் நின்று குதிகாலைப் படிமட்டத்திற்குக் கீழே இறக்க வேண்டாம்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, ஒருநாள் விட்டு ஒருநாள், 1 நிமிட ஓட்டமும் 2 நிமிட நடையுமாகத் தொடங்குங்கள். தூரம், வேகம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் 3 வரை இருப்பதை ஏற்கலாம். ஆனால் மறுநாள் காலை விறைப்பு வழக்கத்தைவிட அதிகமானால் முந்தைய நாளின் சுமை மிகுதி என்று கொண்டு குறைத்துவிடுங்கள். ஓடாத நாட்களில் நடையோ சைக்கிளோ போதும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்த வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பை அவற்றாலேயே எட்டிவிடலாம்.

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. அண்மையில் அவற்றை உட்கொண்டிருந்தால் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஓடும்போது குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்ததுபோன்ற திடீர் அடி உணர்ந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் குதிநாண் அறுந்திருக்கலாம். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். இவ்விரண்டிலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எலும்பின் ஒரே புள்ளியில் வலித்து, அது ஓய்விலும் இரவிலும் தொடர்ந்தால் எலும்புக் கீறலாக இருக்கக்கூடும் என்பதால், பரிசோதனை முடியும்வரை ஓட வேண்டாம்.