புளி வேண்டாம், லென்ஸ் போதும்
(காசு சேகரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்)

இந்த முறை அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளைப் பற்றி நிறையக் கேள்விகள். 2025 நவம்பரில் பிலடெல்பியா நாணயச்சாலையில் புழக்கத்துக்கான ஒரு சென்ட் அடிப்பதை நிறுத்தினார்கள் அல்லவா, அதைப் படித்துவிட்டுப் பலரும் அலமாரியைத் துழாவியிருக்கிறார்கள் போல. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

வீட்டுச் சாமான் விற்பனையில் என் கணவர் 5 டாலருக்கு ஒரு பெரிய கறுத்த செப்புக் காசு வாங்கி வந்தார். ஒரு பக்கம் பெண் தலை, 1848. மறுபக்கம் இலை வளையத்துக்குள் ‘ஒன் சென்ட்’. கிட்டத்தட்ட அரை டாலர் அளவு இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமா?
- வாசகி, எடிசன், நியூஜெர்சி

ஆகும். அதோடு காசின் கதையும் முடிந்துவிடும். புளியை ரசத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. எலுமிச்சை, பீதாம்பரி, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். குத்துவிளக்கு தேய்ப்பது வேறு, இது வேறு. செம்பின் மேல் நூறு நூற்றைம்பது வருடமாக மெல்லப் படிந்த அந்தப் பழுப்பு நிறத்தைத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டால் கீழே இருந்து வருவது புதுக் காசின் சிவப்பு இல்லை, ஒரு மாதிரி இளஞ்சிவப்பு. பழகிய கண்ணுக்கு அது மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்துவிடும். விலை பாதிக்கும் கீழே போகலாம்.

தூசி இருந்தால் மென்மையான முடி பிரஷால் லேசாகத் தட்டுங்கள். பச்சையாகக் களிம்பு இருந்தால் மட்டும் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள், அது வளரக்கூடியது. மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், அதுவே களிம்பைக் கொண்டுவரும். இந்தக் காசு சேகரிப்பவர்கள் பருத்தித் துணி வைத்துத் தைத்த சின்ன உள்ளுறையில் போட்டு, அதைக் காகித உறைக்குள் வைப்பார்கள்.

உங்களுடையது ‘லார்ஜ் சென்ட்’. 1793 முதல் 1857 வரை அமெரிக்க சென்ட் இந்த அளவில்தான் இருந்தது, 1857 பிப்ரவரியில் வந்த சட்டம்தான் இதையும் அரை சென்ட்டையும் நிறுத்தியது. 1848 எளிதில் கிடைக்கும் வருடம். தேய்ந்த நிலையில் இருபது முப்பது டாலர் பெறும், ஆக உங்கள் கணவர் ஏமாறவில்லை. எடைபோட்டுப் பாருங்கள், புதிதில் 10.89 கிராம், தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. நீங்கள் இருக்கும் இடம் அப்படிப்பட்டது. பக்கத்தில் ராவே என்று ஊர் இருக்கிறதே, அங்கே சென்ட் பிறப்பதற்கு முன்பே, நியூஜெர்சி மாநிலத்துக்காகச் செப்புக் காசு அடித்தார்கள். 1786 ஜூனில் 30 லட்சம் காசு அடிக்க மூன்று பேருக்கு மாநிலம் உரிமை கொடுத்தது, அடித்ததில் பத்தில் ஒரு பங்கு மாநிலத்துக்கு. ஒரு பக்கம் குதிரைத் தலை, கீழே ஏர், சுற்றிலும் ‘நோவா சீசரியா’ (லத்தீனில் நியூஜெர்சி). மறுபக்கக் கேடயத்தைச் சுற்றி ‘ஈ ப்ளூரிபஸ் யூனம்’, இன்றைக்கும் உங்கள் பையிலிருக்கும் சில்லறையில் உள்ள அதே வாசகம். அடுத்த விற்பனையில் குதிரைத் தலை கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஓய்வுபெற்ற சக ஊழியர் ஒருவர் பரிசாகக் கொடுத்த 1801ஆம் வருட சென்ட். உறையில் பென்சிலால் ‘எஸ்-219’ என்று எழுதியிருக்கிறது. இது விலையா, ரகசியக் குறியா?
- வாசகர், டாலஸ்

பெரிய மனசுக்காரர் உங்கள் நண்பர். அது விலை இல்லை, காசின் ரக எண். முதலில் ஒரு லென்ஸ் எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். கீழே பின்னம் இருக்கும், 1/100 என்று இருக்க வேண்டும். உங்கள் காசில் 1/000 என்று இருக்கும். ‘யுனைட்டெட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து ‘யு’ மாதிரி இல்லாமல் இரண்டு கம்பம் நட்டதுபோல நிற்கும். இலை வளையத்தின் அடியில் இரண்டு காம்பு இருக்க வேண்டிய இடத்தில் இடப்பக்கக் காம்பு இருக்காது. ஒரே அச்சில் மூன்று பிழை! ‘மூன்று பிழைக் காசு’ என்றே இதற்குப் பெயர். மூன்றும் இருந்தால் உறையில் எழுதியது சரி.

எப்படி இவ்வளவு பிழை வந்தது என்றால், காசில் உருவம் பதிக்கும் எஃகு அச்சை அந்தக் காலத்தில் கையால்தான் செய்தார்கள். எழுத்து, எண், இலை, காய் எல்லாவற்றுக்கும் தனித்தனி உளி, ஒவ்வொன்றையும் எஃகில் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் 4 சற்றுச் சாய்ந்திருக்கும், ஒன்றில் இலை எழுத்தைத் தொடும். எஃகும் மட்டம், சீக்கிரம் விரிசல் விடும், விட்ட விரிசல் காசிலும் கோடாக விழும். முன்பக்க அச்சு உடைந்தால் பின்பக்க அச்சை வேறொன்றோடு சேர்த்து அடிப்பார்கள். 1794 என்ற ஒரே வருடத்தில் மட்டும் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள். அதில் ஒன்றின் பின்பக்க ஓரத்தில், பல் பல்லாக இருக்கும் விளிம்புக்கு இடையே, 94 குட்டி நட்சத்திரங்கள். எதற்காக என்று யாருக்கும் தெரியாது. வேலையில்லாத மதியத்தில் யாரோ அடித்துப் பார்த்தார்கள் என்று நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

‘எஸ்’ என்பது வில்லியம் ஷெல்டன். 1793 முதல் 1814 வரையிலான சென்ட் ரகங்களுக்கு எண் கொடுத்து 1949இல் புத்தகம் போட்டவர். இன்றைக்கு அமெரிக்கக் காசுகளை 1 முதல் 70 வரை தரம் பிரிக்கிறார்களே, அந்த அளவுகோல் முதலில் இந்தச் செப்புக் காசுகளுக்காக அவர் அந்தப் புத்தகத்தில் வைத்ததுதான். படிப்பாளி, கைசுத்தம்தான் இல்லை. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தன்னுடைய மட்டமான காசுகளை அங்கே வைத்துவிட்டார் என்பது அவர் காலத்துக்குப் பிறகு வெளியே வந்து, வழக்கு நடந்து, சங்கம் ஜெயித்தது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1816க்குப் பிந்தைய சென்ட்டுக்கு நியூகோம் எண், அரை சென்ட்டுக்குக் கோஹன் எண், நியூஜெர்சிக் குதிரைக்கு மாரிஸ் எண்.

1793 சங்கிலி சென்ட் ஒன்று இணைய ஏலத்தில் 60 டாலருக்கு வருகிறது. விற்பவர் தாத்தா பெட்டியில் கிடைத்தது என்கிறார். வாங்கலாமா?
- வாசகர், சிங்கப்பூர்

வேண்டாம். தாத்தா பெட்டிக் கதை கேட்டாலே கையைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

1793 மார்ச்சில் பிலடெல்பியாவில் அடித்த முதல் சென்ட் இது, மொத்தம் 36,103 காசுகள். பின்பக்கத்தில் 15 மாநிலங்களுக்கு 15 கண்ணி கொண்ட சங்கிலி. சுதந்திரம் வாங்கிய நாட்டின் காசில் சங்கிலியா என்று பத்திரிகையில் கிண்டல் வர, சில வாரங்களிலேயே சங்கிலியை எடுத்துவிட்டு இலை வளையம் போட்டார்கள். முகம் மழுங்கிப் போன சங்கிலி சென்ட் கூட ஆயிரக்கணக்கான டாலர், அருமையான நிலையில் உள்ளவை பத்து லட்சத்தைத் தாண்டி ஏலம் போயிருக்கின்றன. 60 டாலருக்கு எவன் தருவான்?

போலிகளில் இரண்டு தலைமுறை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மின்முலாம் முறையில் இரண்டு மெல்லிய செப்பு ஓடு செய்து நடுவில் ஈயம் ஊற்றி ஒட்டியவை, விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் ஒட்டிய கோடு தெரியும். இப்போது வருபவை அச்சில் அடித்தவை, பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஓர் அசல் காசைப் பார்த்து அச்சு எடுத்ததால் அந்த அசலில் இருந்த அதே கீறல், அதே பள்ளம் அத்தனை பிரதியிலும் வரும். வேறு வேறு ஆட்கள் விற்கும் இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே காயம் என்றால் சந்தேகமே வேண்டாம். சங்கிலி சென்ட் புதிதில் 13.48 கிராம், விளிம்பில் இலைக்கொடி வேலைப்பாடும் கோடுகளும் இருக்கும், படத்தில் விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். அரிதான 1799 சென்ட்டுக்கும் இதே எச்சரிக்கை: 1798இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவது பழைய தொழில்.

என்னிடம் 1808ஆம் வருடக் கம்பெனிக் காசு (பத்து காசு) உள்ளது. அமெரிக்கச் செம்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நண்பர் சொல்கிறார். கதை விடுகிறாரா?
- வாசகர், மதுரை

இல்லை, உண்மைதான். பர்மிங்ஹாம் பக்கத்தில் மேத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையில் நீராவி எந்திரத்தில் அடித்த காசு உங்களுடையது. சென்னை மாகாணத்துக்கான பத்து காசும் இருபது காசும் அங்கேயிருந்து கப்பலில் வந்தன. அந்தச் சரக்கோடு கிளம்பிய ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. உங்கள் காசின் மேற்பரப்பு சொரசொரவென்று அரித்திருந்தால் கடலுக்கடியில் இருந்து எடுத்ததாக இருக்கலாம்.

அதே சோஹோதான் பிலடெல்பியாவுக்கு முத்திரையில்லாத செப்பு வில்லைகளையும் பீப்பாயில் அனுப்பியது. அங்கே முத்திரை மட்டும் அடித்துக்கொண்டார்கள். 1812இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சண்டைக்குப் போனதும் வில்லை வரத்து நின்றது, இருந்த கையிருப்பு 1814இல் தீர்ந்தது. 1815 என்று போட்ட அமெரிக்க சென்ட்டே கிடையாது, யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இதையெல்லாம் ஒழுங்காக எங்கே படிப்பது? அமெரிக்காவுக்குப் போகாமல் முடியுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

முடியும், அதுவும் பைசா செலவில்லாமல். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கும் ‘நியூமன் நியூமிஸ்மேட்டிக் போர்ட்டல்’ என்ற இணைய நூலகத்தில் பழைய புத்தகங்கள், ஏலப் பட்டியல்கள், சங்க இதழ்கள் எல்லாம் இலவசம். ஏலப் பட்டியலை விலைக்காகப் படிக்காதீர்கள், படத்துக்காகப் படியுங்கள். ஒரே ரகத்தின் பத்துப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது தேய்மானம், எது அச்சின் குறை, எது பிற்பாடு பட்ட அடி என்று கண்ணுக்குத் தானாகப் பிடிபடும். எந்தப் பாடத்திலும் இது வராது.

இந்தக் காசுகளுக்கென்றே ஒரு சங்கம் உண்டு, ‘எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’, 1967 முதல் இருக்கிறது. ‘பென்னி-வைஸ்’ என்று இதழ் நடத்துகிறார்கள். எழுதுபவர்களில் பலரும் ஒரு ரகத்தையே ஆண்டுக்கணக்காக உற்றுப் பார்த்தவர்கள், சில கட்டுரை தூக்கம் வரவழைக்கும், சில கட்டுரை தூக்கத்தைக் கெடுக்கும். ஆண்டுக் கூட்டத்தில் முன்கூட்டியே அறிவித்த ரகங்களை ஆளுக்கொன்று கொண்டுவந்து மேஜையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் மாலை ஒன்று உண்டு. அமெரிக்காவில் உறவினர் இருந்தால் அந்த நேரம் பார்த்துப் போங்கள். மாநிலக் காசுகளில் ஆசை என்றால் 1993இல் தொடங்கிய குடியேற்றக் காலக் காசு சேகரிப்பாளர் சங்கம் தனியாக இருக்கிறது. வாஷிங்டன் போகிறவர்கள் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம், தேசிய நாணயச் சேகரிப்பு அங்கேதான்.

விலை விவரத்துக்கு அமெரிக்கக் காசுகளின் விலைக் கையேடான ‘ரெட் புக்’ போதும், பழைய பதிப்பே தாராளம்.

தரம் பார்க்கும் நிறுவனம் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து 20 என்று தரம் போட்ட காசை ‘எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ சங்கத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு ‘12தான்’ என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகர், டொராண்டோ

இருவரும் அவரவர் கணக்கில் சரி. சங்கத்துக்காரர்கள் முதலில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து 20 போடுவார்கள், பிறகு அரிப்பு, கீறல், தேய்த்துக் கழுவிய தடயம் ஒவ்வொன்றுக்கும் கழித்துக்கொண்டே போவார்கள். பெட்டி போடும் நிறுவனங்கள் அவ்வளவு கறாராகக் கழிப்பதில்லை. விற்கும்போது வாங்க வருகிறவர் பெரும்பாலும் 12 என்று சொன்ன ஆளாகத்தான் இருப்பார், அதனால் வாங்கும்போதே அவர் கணக்கில் விலை பேசுங்கள்.