குளிச்சு ஒரு மணி நேரத்துல திரும்பவும் கப்பு அடிக்குதா? கேளுங்க, சொல்றேன்

மஞ்சகுப்பத்துல மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல 17 வருஷமா நிக்கறேன், டி.ஃபார்ம் படிச்சவ. ஆணுறை கேக்கறவங்க கூட இப்பல்லாம் சத்தமா கேக்கறாங்க, ஆனா கம்கட்டு நாத்தத்துக்கு மருந்து கேக்கணும்னா மட்டும் கடையில ஆள் இல்லாத நேரம் பாத்து வந்து காதுல சொல்றாங்க. அதான் இங்கயே கேளுங்கன்னு சொல்லிட்டேன்.

தினமும் கடலூர்லேர்ந்து பாண்டிக்கு வேலைக்கு போற தம்பி: அக்கா, ரெண்டு வேளையும் சோப்பு போட்டு தேய்ச்சு குளிக்கிறேன். ஆனா காலையில பஸ்ல மேல கம்பிய புடிச்சா பக்கத்துல இருக்கறவர் மூஞ்சிய திருப்பிக்கறாரு. அரியாங்குப்பம் தாண்டறதுக்குள்ளயே இப்படி.

தம்பி, வேர்வைக்குன்னு பெருசா நாத்தமே கெடையாது. வயசுக்கு வந்த பிறகு அக்குள்ல ஒரு தனி சுரப்பி வேலைய ஆரம்பிக்கும், அதுல கொழுப்பு, புரதம்லாம் கலந்து வரும், அத தின்னுட்டு அங்க குடியிருக்கற பாக்டீரியா வெளிய வுடறதுதான் நாத்தம். கோரினிபாக்டீரியம்னு ஒண்ணு, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ்னு ஒண்ணு, இவங்கதான் முக்கியமான ஆளுங்க. நீ போடற வாசனை சோப்பு அழுக்க எடுக்கும், ஆனா இந்த ஆளுங்கள முழுசா எடுக்காது, மிச்சம் இருக்கறது நம்ம ஊரு புழுக்கத்துல சீக்கிரமே பெருகிடும். முகப்பருவுக்கு தர்ற பென்சாயில் பெராக்சைடு வாஷ் 5 சதவீதம் கேட்டு வாங்கு, குளிக்கறப்ப அக்குள்ல தடவி ரெண்டு நிமிஷம் வச்சிருந்து கழுவிடு. மொதல்ல வாரத்துல மூணு நாள் போதும், எரிஞ்சா நிறுத்திடு. ஒண்ணு மறந்துடாத, இது துணி சாயத்த வெளுத்துடும், கலர் துண்டால தொடைக்காத, வீட்ல அம்மா கிட்ட நான் திட்டு வாங்க முடியாது. குளிச்சதும் அக்குள நல்லா தொடைச்சு ஃபேன் கீழ ரெண்டு நிமிஷம் நின்னுட்டு சட்டைய போடு. ஈரத்தோட பனியன் போட்டுட்டு ஓடறதுதான் பாதி பிரச்சனை. அப்புறம் உங்க ஏரியாவுல உப்புத்தண்ணி போரா? அதுல சோப்பு சரியா போகாம பிசுபிசுன்னு நிக்கும், கடைசியா நல்ல தண்ணி ரெண்டு மக்கு ஊத்திக்க.

சிப்காட்ல வேலை பாக்கற தங்கச்சி: எனக்கு உடம்புல வாடை இல்லக்கா, ஆனா துவைச்ச யூனிஃபார்ம போட்டு அரை மணி நேரத்துல வந்துடுது. துணியிலயா வருது?

துணியிலதான்! இத யாருமே யோசிக்கறதில்ல, ரோல்ஆன் மேல ரோல்ஆனா வாங்கிட்டு போவாங்க. யூனிஃபார்ம் பாலியஸ்டர் கலந்ததா இருக்கும், அது தண்ணிய உறியாது ஆனா உடம்பு எண்ணெய விடாம புடிச்சிக்கும், வெறும் சோப்பு பவுடருக்கு அது அசையாது. துவைச்சு காஞ்ச சட்டை அக்குள் பக்கம் இஸ்திரி பெட்டிய வச்சு சூட்டோட மோந்து பாரு, கப்புன்னு ஏறுச்சுன்னா குத்தவாளி சட்டைதான். சட்டைய உள்பக்கம் வெளிய திருப்பி, ஒரு பங்கு வெள்ளை வினிகர், நாலு பங்கு தண்ணி கலந்து அரை மணி நேரம் ஊற வச்சு அலசிட்டு அதுக்கப்புறம் எப்பவும் போல துவை. வினிகரையும் ப்ளீச்சிங் பவுடரையும் மட்டும் சேத்துடாத, விஷ வாயு வரும். வாசனைக்கு ஊத்தற துணி கண்டிஷனர் வேணாம், அது துணி மேல படலம் மாதிரி படிஞ்சு அழுக்க உள்ளயே பூட்டி வச்சுடும். திருப்பிப் போட்ட மாதிரியே வெயில்ல காய வை. ஐப்பசி கார்த்திகையில நம்ம ஊர்ல வெயில எங்க பாக்கறது, அப்பதான் ரெண்டு நாள் கொடியிலயே ஈரமா கெடந்து ஒரு முட நாத்தம் வரும், அந்த ரெண்டு மாசம் மட்டும் ஃபேன் கீழ காயப்போட்டு இஸ்திரி போட்டே போடு. வீட்ல இருக்கறப்ப காட்டன்.

முத்தியால்பேட்டை அக்கா ஒருத்தங்க: எலுமிச்சம்பழம், ஆப்ப சோடா தேய்ச்சா போயிடும்னு வீடியோல பாத்து தேய்ச்சேன், இப்ப தோலு கருத்து எரியுது.

நிறுத்திடுங்கக்கா, இன்னைக்கே. தோலு லேசா புளிப்புத் தன்மையில இருக்கணும், சோடா அதுக்கு நேர் எதிரு. எலுமிச்சை சவரம் பண்ண தோலுல பட்டா எரியும், வெயில் பட்டா கருந்திட்டு வுழும். ஒரு வாரம் வெறும் தண்ணி, கொஞ்சம் தேங்கா எண்ணெய், வேற எதுவும் வேணாம். எரிச்சல் அடங்கலன்னா தோல் டாக்டர பாருங்க. நம்ம பாட்டிங்க பயத்தமாவுல பூலாங்கிழங்கு சேத்து தேய்ச்சு குளிச்சாங்களே, அது தோல நோகடிக்காது, மணமும் இருக்கும். ஆனா ரொம்ப நாத்தம் இருக்கறவங்களுக்கு அது மட்டும் போதாது, அதையும் சொல்லிடறேன்.

நெல்லிக்குப்பத்து தம்பி: டியோ அடிச்சா கொஞ்ச நேரத்துல வேர்வையும் சென்ட்டும் கலந்து இன்னும் கேவலமா இருக்கு.

டியோ வேற, ஆன்டி பெர்ஸ்பிரன்ட் வேற தம்பி. டியோ வாசனை காட்டும், கொஞ்சம் கிருமிய அடக்கும். வேர்வைய குறைக்கறது ஆன்டி பெர்ஸ்பிரன்ட்தான், டப்பா பின்னாடி அலுமினியம் குளோரைடு, குளோரோஹைட்ரேட்னு ஏதாச்சும் போட்டிருக்கும். அத காலையில அவசரத்துல போடக்கூடாது, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி காஞ்ச அக்குள்ல போடணும், அப்ப வேர்வை கம்மியா இருக்கும், மருந்து உள்ள போய் வேர்வை வர்ற துளைய அடைக்கும். காலையில குளிச்சாலும் வேலை செய்யும். சவரம் பண்ண அன்னைக்கு வேணாம். கேன்சர் வரும்னு பயமுறுத்தறாங்களே, அப்படி நிரூபணம் ஆகல. கிட்னி பிரச்சனை உள்ளவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு போடுங்க.

அதே தம்பி: அப்ப அலுமினியமே இல்லாத படிகாரக் கல்லு?

சிரிப்பு வருது. படிகாரமே பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட்டுதான்ப்பா! சலூன்ல ஷேவ் பண்ணதும் தேய்ப்பாங்களே, அதே கல்லு. நல்ல பொருள்தான், விலையும் கம்மி, நனைச்சு தடவிக்க, ஆனா அலுமினியம் இல்லைன்னு சொல்லி ரெண்டு மடங்கு விலைக்கு வித்தா வாங்காத.

லாஸ்பேட்டை அண்ணன்: அக்குள் முடியில மஞ்சளா பிசின் மாதிரி ஒட்டியிருக்கு, சோப்புக்கு போகல.

அது அழுக்கு இல்லண்ணா, பாக்டீரியா கூட்டமா முடிய சுத்தி கட்டிக்கறது. முடிய வழிச்சிடுங்க, மேல சொன்ன பென்சாயில் பெராக்சைடு வாஷ் போடுங்க. ரெண்டு வாரத்துல போகலன்னா ஜிப்மர் தோல் பிரிவுல காட்டுங்க. திரும்பத் திரும்ப அக்குள்ல வலியோட கட்டி வந்து ஒடைஞ்சா அது வேற நோய், க்ரீம் வாங்கிட்டு போய் ஏமாறாதீங்க. திடீர்னு வேர்வை அதிகமாகி எடையும் குறைஞ்சா, ராத்திரி படுக்கை நனையற அளவுக்கு வேர்த்தா, அதுக்கும் டாக்டர்தான், தைராய்டு, சக்கரை, டிபி எல்லாம் பாக்கணும்.

ஒரு அம்மா: பொண்ணுக்கு ஒன்பது வயசு, அதுக்குள்ள வாடை வருதே?

அந்த வயசுல ஆரம்பிக்கறது உண்டுமா, பயப்படாதீங்க. எட்டு வயசு ஆகறதுக்கு முன்னாடியே வந்திருந்தா டாக்டர் கிட்ட காட்டுங்க. புள்ளைய எல்லார் முன்னாடியும் நாத்தம்னு மட்டும் சொல்லாதீங்க.

பேர் வேணாம்னு சொன்ன தங்கச்சி: எங்க வூட்டுக்காரருக்கு எப்படிக்கா சொல்றது, மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடுமே?

சொல்லாத. அவரு சட்டைங்கள எடுத்து வினிகர்ல ஊற வை, பாலியஸ்டர் பனியன எல்லாம் கரித்துணியாக்கிட்டு காட்டன்ல மூணு வாங்கு, ராத்திரி பல்லு வெளக்கற எடத்துல ரோல்ஆன வை. எங்க வூட்ல நான் இப்படித்தான் பண்ணேன், அவரு இதுவரைக்கும் அது கொசுவுக்குன்னு நெனச்சுட்டு இருக்காரு.