படுக்கையறையில் தணல் சட்டி: காலைத் தலைவலி பித்தமா, நச்சு வாயுவா?

கேள்வி: மஞ்சூர் அருகே தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் இருக்கிறோம். பனிக்காலத்தில் இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்பில் மிஞ்சிய சீகை விறகுத் தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கும் அறையில் வைத்துக்கொள்வோம். புகையெல்லாம் அடங்கிய தணல்தான். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைப்போம். இரண்டு வாரமாகக் காலையில் எழுந்தால் எல்லோருக்கும் தலை பாரம், குமட்டல். கொழுந்து பறிக்கப் போனபிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவியில் 97 காட்டுகிறது. பித்தம் என்கிறார் மாமியார். மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஜன்னலை எவ்வளவு திறந்து வைத்தால் போதும்?

பதில்: இன்றிரவு அந்தச் சட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஜன்னலை எவ்வளவு திறந்தாலும், தூங்கும் அறையில் தணல் வைப்பதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. உங்கள் மகளை நாளையே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறோம். அது தெரிந்தால்தான் குளிர் கடுமையாகும் இரவில் சட்டியை மறுபடி உள்ளே எடுத்துவரும் எண்ணம் வராது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவோடு பொருந்துகின்றன. பித்தமோ சளிக் காய்ச்சலோ ஒரு வீட்டில் எல்லோரையும் ஒரே காலையில் பிடித்து, வெளியே போனதும் விடுவதில்லை. காய்ச்சல் இல்லாத தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம், அறையில் அதிக நேரம் இருந்தவருக்கு அதிகத் தொல்லை, வெளிக்காற்றில் தெளிவு. இவை சேர்ந்து வந்தால் முதலில் தணலைத்தான் சந்தேகப்பட வேண்டும். வீட்டில் நாயோ பூனையோ உள்ளே படுத்தால் அதுவும் சோர்ந்து கிடக்கும்.

புகை அடங்கிய தணல் நல்லது என்று நம் மலையில் பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஆபத்தே அங்குதான். பச்சை விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். தணலோ கரி. அது எரியும்போது கண்ணுக்குத் தெரியும் புகை இல்லை, நாற்றமும் இல்லை. சட்டியின் அடியில் கரி ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அந்த வாயு மேலே உள்ள செந்தணலைக் கடந்து வரும்போது மறுபடி கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மேலே சாம்பல் பூத்துவிட்டால் தணல் அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே அது மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். காற்று குறையக் குறைய இந்த வாயு கூடுதலாகவே வரும். குளிருக்காக ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்து, கூரைக்கடியில் பாலிதீன் விரிப்பு கட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ கரி எரிந்தால் ஏறத்தாழ 200 கிராம் கார்பன் மோனாக்சைடு வரும். நீங்கள் அரை கிலோ தணல் வைக்கிறீர்கள், அது நான்கு மணி நேரம் கனல்கிறது என்று கொள்வோம். மணிக்கு 25 கிராம். பத்துக்குப் பத்து அடி அறை, எட்டடி உயரம் என்றால் உள்ளே சுமார் 23 கன மீட்டர் காற்று இருக்கும். கதவு இடுக்கு, ஓட்டு இடுக்கு வழியாக மணிக்கு ஒருமுறை அறைக்காற்று முழுதும் மாறினாலும், ஒரு கன மீட்டரில் 1,000 மில்லிகிராமை ஒட்டி இந்த வாயு தேங்கும். வீட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 35 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு 10 மில்லிகிராம். ஜன்னலை நான்கு விரல் அகலம் திறந்து அளவைப் பாதியாக்கினாலும் வரம்பைவிடப் பல மடங்கு மேலேதான் நிற்கிறீர்கள். காற்று அசையாத உறைபனி இரவில் ஜன்னல் திறந்திருந்தும் காற்றோட்டம் போதாமல் போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடலுக்குள் நடப்பது இது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதோடு நிற்காது. மிச்சமுள்ள ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் திசுக்களுக்கு எளிதில் விடாதபடி செய்துவிடும். அதனால் முதலில் அடிபடுவது ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் மூளையும் இதயமும். மலையில் இதன் கடுமை இன்னும் கூடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனே குறைவு. இருப்பதையும் இந்த வாயு பறித்துக்கொள்கிறது.

விரல் கருவியை நம்ப வேண்டாம். அது ஹீமோகுளோபினின் நிறத்தை ஒளியால் பார்த்து எண் சொல்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறியதும் அதற்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஒருவர் மயங்கிக் கிடக்கும்போதும் அது 97 காட்டலாம். கிண்ணத்துத் தண்ணீராலும் பயனில்லை. இந்த வாயு தண்ணீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். ஈரத்துணியை மூக்கில் கட்டுவது, வேப்பிலை வைப்பது, மூலையில் செடி வளர்ப்பது, முகக்கவசம் போடுவது எதுவும் இதைத் தடுக்காது. இது காற்றோடு சேர்ந்து அறை முழுதும் பரவும் என்பதால் கட்டிலில் படுத்தாலும் தரையில் படுத்தாலும் ஒன்றுதான்.

மகள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயிற்றிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். அது வெளியேற அம்மாவுக்கு ஆவதைவிட அதிக நேரம் பிடிக்கும். அம்மாவுக்குத் தலைவலி தெளிந்துவிட்டது என்பதால் குழந்தைக்கும் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மகப்பேறு மருத்துவரிடம் “இரண்டு வாரமாக மூடிய அறையில் கரித்தணல் வைத்துத் தூங்கினோம்” என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். குழந்தையின் இதயத்துடிப்பும் வளர்ச்சியும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நெளிவுசுளிவு உண்டு. கேட்க வேண்டியது கார்பாக்ஸிஹீமோகுளோபின் அளவு. புகைபிடிக்காதவருக்கு 3 சதவீதத்துக்கு மேலும், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு 10 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் வாயு ஏறியிருக்கிறது என்று பொருள். ஆனால் சாதாரணக் காற்றை மூச்சிழுத்தாலே 4 முதல் 6 மணி நேரத்தில் அது பாதியாகக் குறையும். காலையில் எழுந்து, சமைத்து, பஸ் பிடித்து, மதியம் ரத்தம் கொடுத்தால் எண் நல்லபடியாகவே வரலாம். அதனால் அறிகுறி இருக்கும் காலையிலேயே போங்கள். எண் குறைவாக வந்தது என்று சட்டியை மறுபடி உள்ளே கொண்டுவராதீர்கள்.

காலையில் யாராவது எழுப்பியும் எழாமல் கிடந்தால்: உள்ளே ஓடுவதற்கு முன் கதவை அகலத் திறங்கள், கைக்கெட்டும் ஜன்னலைத் திறங்கள். ஆளை இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். சட்டியை எடுப்பது, தணலில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அப்புறம். உள்ளேயே ஊற்றினால் கொதிநீராவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். 108-ஐ அழைத்து, கரித்தணல் வாயு என்று சொல்லுங்கள். மூச்சு இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் தண்ணீர், காப்பி, எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றக் கூடாது. மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்திக்கொண்டே இருங்கள். மருத்துவமனையில் பை வைத்த மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுப்பார்கள். அப்போது வாயுவின் அளவு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும்.

சரி, குளிருக்கு என்ன வழி? அதே அடுப்புத் தணலின் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, தண்ணீரை மட்டும் படுக்கைக்கு எடுத்துப் போகலாம். தணல்மேல் பானையை வைத்துச் சுடவைத்து, கொதித்த தண்ணீராக இருந்தால் பத்து நிமிடம் ஆறவிட்டு, ரப்பர் பையில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்புங்கள். பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றி, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போர்வைக்குள் வையுங்கள். கைக்குழந்தை பக்கத்திலும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்த பெரியவர் காலடியிலும் விட்டுவைக்க வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். மேலே இரண்டு கம்பளி போட்டும் குளிர்கிறது என்றால் ஒன்றைக் கீழே விரியுங்கள். சிமென்ட் தரை அடியிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. பாய்க்கடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு அடுக்கு விரித்தாலே வித்தியாசம் தெரியும்.

மின்சார ஹீட்டர் வாங்கினால் எண்ணெய் நிரப்பிய வகை நல்லது. 1,500 வாட் ஹீட்டர் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒன்றரை யூனிட் ஆகும். பெரிய 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். நீட்டிப்பு ஒயரில் மாட்டினால் அது உருகித் தீப்பிடிக்கலாம். பழைய லைன் வீட்டு ஒயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தணல் சுற்றி உட்கார்ந்து பேசும் வழக்கத்தை விட வேண்டியதில்லை, வாசலில் திறந்தவெளியில் வையுங்கள். திண்ணையில் வைத்துக் கதவை ஒருக்களித்துவிட்டால் வாயு உள்ளேதான் வரும். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீஸரும் இதே வாயுவைத்தான் விடுகிறது. அதை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கையறையில் இருப்பது நல்லது. புகை அலாரமோ சிலிண்டர் கசிவு அலாரமோ இதைக் கண்டுபிடிக்காது. ஆனால் அலாரம் இருக்கிறது என்ற தைரியத்தில் தணலை உள்ளே வைக்கக் கூடாது.

அடுத்த ஒன்றரை மாதத்துக்கு மாமியாரைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த வாயுவின் பாதிப்பு சிலருக்கு முதலில் தெளிந்து, 2 முதல் 40 நாட்களுக்குள் திரும்ப வரும். அடுப்பில் வைத்ததை மறப்பது, காரணமில்லாமல் எரிச்சல், நடை தடுமாறுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது எனத் தொடங்கும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், தணல் விஷயத்தைச் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.