படிவுப் பாறையில் எவ்வளவு காலம் தேறும்? கேள்வி பதில்

மண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப் பாறைகளைப் பற்றிப் பேசிய பிறகு வடசென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

செல்வி, தண்டையார்பேட்டை: கீழ் அடுக்கு பழசு, மேல் அடுக்கு புதுசு என்று படிக்கிறோம். அப்படியானால் நம் ஊரிலேயே ஆழமாகத் தோண்டினால் பூமியின் கதை முழுக்க வரிசையாகக் கிடைத்துவிடுமா சார்?

வரிசை சரிம்மா. முழுக்கக் கிடைக்காது, எந்த ஊரிலும் கிடைக்காது. மேடு மண்ணைக் கொடுக்கும், பள்ளம் வாங்கிக்கொள்ளும். ஓரிடம் மேடாக இருந்த காலத்துக்கு அங்கே கணக்கே இருக்காது. சென்னைக்கு அடியில் கிடக்கும் சார்னோகைட் என்ற கடினப் பாறைக்குச் சுமார் 250 கோடி வயது. பல்லாவரம் பக்கம் அது வெளியிலேயே தெரியும். அதன்மேல் படிந்த ஸ்ரீபெரும்புதூர் களிப்பாறைகள் டைனோசர் காலத்தவை, 10 கோடி ஆண்டைச் சற்றுத் தாண்டியவை. நடுவில் போன 200 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனிலும் இதே கதைதான்: சில இடங்களில் 170 கோடி ஆண்டுப் பாறைமேல் சுமார் 50 கோடி ஆண்டு மணற்கல் நேராக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேரும் கோட்டை உள்ளங்கையால் மூடிவிடலாம்.

காசிமேட்டிலிருந்து ஒரு மீனவர்: புயல் வந்தால் ஒரே ராத்திரியில் ஒரு சாண் மணல் ஏறும். அடுத்த மாதம் பார்த்தால் வெறும் கல்தான் நிற்கும். இதில் எது சார் பாறையாகும்?

அண்ணே, வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான். வருடத்துக்கு ஒரு சாண் மட்டும் தங்கினால்கூடப் பத்து லட்சம் ஆண்டில் 200 கிலோமீட்டர் தடிமன் சேர்ந்திருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் பூமியிலேயே கிடையாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொட்டுகிற வங்கக்கடல் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்ததே மிக ஆழமான இடத்தில் 20 கிலோமீட்டர் அளவில்தான். மீதியெல்லாம் எங்கே? வந்த வேகத்தில் போய்விட்டது.

பீட்டர் சாட்லர் என்ற புவியியலாளர் 1981-இல், உலகெங்கும் அளந்த ஆயிரக்கணக்கான படிவு வேகங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒரு நாள் கணக்கில் வேகம் எக்கச்சக்கம். ஆயிரம் ஆண்டு என்றால் குறைவு. பத்து லட்சம் என்றால் இன்னும் குறைவு. கணக்குப் போடும் காலம் நீள நீள, மண் சேராத நாட்களும் அரித்துப் போன நாட்களும் உள்ளே வந்துவிடுகின்றன. ஆக, மண் சேர்வது பெரிய விஷயமே இல்லை, தங்குவதுதான் பாடு. அதற்குத் தரை மெல்லத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும், மேலே புது மண் வந்து மூட வேண்டும். உங்கள் கரையில் இரண்டுமே சந்தேகம். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்ததில் மெரினா அகன்றது, ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்சுவரான தூண்டில் வளைவு ஓரத்தில் ஒதுங்கும் மணலை நம்பி நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கல்பனா, திருவொற்றியூர்: 2004 சுனாமிகூட மறைந்துவிடுமா?

திறந்த கடற்கரையில் மறையும். மணல்மேடுகளுக்கு நடுவே சேறு கட்டிய பள்ளங்களில் தங்கும். தாய்லாந்தின் பிரா தாங் தீவில் அப்படி ஒரு பள்ளத்தைத் தோண்டியபோது, 2004 மணலுக்குக் கீழே கறுப்பு மண், அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை மணல் அடுக்கு. சுமார் 600 ஆண்டுக்கு முந்தைய சுனாமி அது.

மீஞ்சூர் வாசகர்: போர் போட்டபோது மணல், அப்புறம் கிளிஞ்சல் கலந்த கருங்களி, அதற்கும் கீழே கூழாங்கல் வந்தது. கடல் இங்கே இருந்ததா?

கடலோ, பழவேற்காடு மாதிரி உப்பங்கழியோ எட்டிப் பார்த்திருக்கும். சுமார் 20,000 ஆண்டுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் கீழே. அப்போது ஆறுகள் தரையை ஆழமாக வெட்டின; கடல் ஏறியதும் அந்தப் பள்ளங்கள் நிரம்பின. கூழாங்கல் முடிந்து களி தொடங்கும் அந்தக் கோட்டில்தான் பல ஆயிரம் ஆண்டு தொலைந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை போர் போடும்போது எந்த அடியில் மாறியது என்று மட்டும் குறித்து வையுங்கள்.

வியாசர்பாடி நண்பர்: இவ்வளவு ஓட்டை இருந்தால் புவியியலை எப்படி நம்புவது?

ஓட்டை இருப்பதை டார்வினே 1859-இல் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஓரிடத்தில் இல்லாதது இன்னோரிடத்தில் இருக்கும். புதைபடிவங்களையும் எரிமலைச் சாம்பலையும் வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆழ்கடல் தரை ஓரளவு தொடர்ச்சியாகவே கிடைக்கும், ஆனால் சுமார் 18 கோடி ஆண்டைத் தாண்டினால் அநேகமாக எல்லாமே பூமிக்குள் போய்விட்டது. கேள்வியைப் பொறுத்துத்தான் பதில்: எந்த யுகத்தில் எந்த உயிர் இருந்தது என்றால் நம்பலாம். குறிப்பிட்ட ஒரு நூற்றாண்டில், ஓர் ஊரில் என்ன நடந்தது என்றால் பெரும்பாலும் கையை விரிக்க வேண்டியதுதான். பாறையே அழிந்த பிறகும் துணுக்கு தப்புவதுண்டு. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 300 கோடி ஆண்டுப் படிவுக்குள் 440 கோடி ஆண்டுப் பழமையான சிர்கான் என்ற கனிம மணிகள் கிடைத்தன. அவை பிறந்த பாறை எங்கேயும் இல்லை.

செல்வி மறுபடியும்: எங்கே போய்ப் பார்க்கலாம் சார்?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் போங்கம்மா. காரை கிராமத்தில் மழை அறுத்த ஓடைகளில், 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் அடித்தரை செம்மண் நிறத்தில் திறந்து கிடக்கிறது. கிடைப்பதைப் பையில் போடாமல் இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் நிறைய வேண்டும்.